ஞானப்பல் எடுத்த பின் வலிக்குக் குறைந்த ஆற்றல் லேசர்: வலி மாத்திரை எடுக்க இயலாதவருக்கு உதவுமா?

கேள்வி

வணக்கம். என் கீழ்த்தாடையின் வலப்பக்கத்து ஞானப்பல் நேராக முளைக்காமல் படுத்தவாக்கில் வளர்ந்து, முன்னால் உள்ள கடைவாய்ப்பல்லை முட்டிக்கொண்டிருக்கிறது. ஓராண்டுக்குள் மூன்று முறை ஈறு வீங்கிச் சீழ் கட்டிவிட்டதால், அறுவை செய்து அதை எடுத்துவிடுவதே நல்லது என்று பல் மருத்துவர் சொல்லிவிட்டார். பல்லை எடுப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. எடுத்த பின் வரும் வலியை எப்படித் தாங்கப் போகிறேன் என்பதுதான் கவலை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், மூட்டுவலிக்காக நீண்ட நாள் எடுத்துக்கொண்ட டைக்ளோஃபினாக் மாத்திரையால் எனக்கு வயிற்றில் புண் உண்டாகி, இரத்தம் கசிந்து, ஐந்து நாள் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் ஆகியவற்றையும் அந்த வகையைச் சேர்ந்த பிற மாத்திரைகளையும் இனித் தொடவே கூடாது என்று குடல் மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே எனக்கு மிஞ்சியிருப்பது பாராசிட்டமால் மட்டுமே.

இதைக் கேட்ட பல் மருத்துவர், பல்லை எடுத்தவுடன் ஒரு முறையும் அடுத்த சில நாள்களில் இரண்டு முறையும் குறைந்த ஆற்றல் லேசர் ஒளியைக் காட்டினால் வலி குறையும் என்றார். அங்கே வைத்திருந்த துண்டறிக்கையோ, இந்தச் சிகிச்சைக்குப் பின் வலியும் வராது, வீக்கமும் வராது, மாத்திரையே தேவைப்படாது என்கிறது. வெட்டவும் செய்யாத, சுடவும் செய்யாத ஓர் ஒளி எப்படி வலியைக் குறைக்கும் என்பது எனக்கு விளங்கவில்லை. இதை ஆய்வுகள் உறுதிப்படுத்தியிருக்கின்றனவா? பாராசிட்டமாலுடன் இதையும் சேர்த்தால் என் நிலையில் உள்ள ஒருவர் சமாளிக்க முடியுமா? கண்ணுக்கோ திசுவுக்கோ தீங்கு உண்டா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1 (வாய், தாடை அறுவை மருத்துவர்)

அன்புள்ள நண்பருக்கு, முதலில் அந்தத் துண்டறிக்கையை ஒதுக்கி வைத்துவிடுங்கள். எலும்பைச் சிறிது நீக்கி ஞானப்பல்லை எடுத்த பிறகு வலியே வராது என்று யாரும் உறுதி கூற முடியாது. அதே வேளையில், உங்கள் பல் மருத்துவர் சொன்ன யோசனை பொருளற்றதும் ஆகாது. அந்த இரண்டுக்கும் நடுவில் இந்தச் சிகிச்சையின் இடம் எது என்பதைச் சொல்ல முயல்கிறேன்.

இந்த வலி எப்போது வரும், எப்போது தணியும் என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் கவலை நீங்கும். ஈறும் எலும்பும் காயப்படும்போது, செல்களின் சவ்வுகளில் உள்ள கொழுப்பிலிருந்து புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள் உருவாகி, அங்குள்ள வலி நரம்புகளை எளிதில் தூண்டப்படுபவையாக மாற்றிவிடுகிறது. மரத்துப்போகும் ஊசியின் வேகம் சில மணி நேரத்தில் தணிய, அப்போது தொடங்கும் வலி முதல் நாளிலேயே உச்சத்தை அடைகிறது. வீக்கம் சற்றுத் தாமதமாக, இரண்டாம் நாளுக்கும் மூன்றாம் நாளுக்கும் இடையில் உச்சத்துக்கு வரும். மெல்லும் தசைகள் இறுகிக்கொள்வதால் வாயைத் திறப்பதும் சில நாள்களுக்குக் கடினமாக இருக்கும். ஆகவே நாம் முதன்மையாகக் காக்க வேண்டியது முதல் 24 மணி நேரத்தை.

ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் அந்தப் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதையே தடுப்பதால்தான் பல் வலியில் அவை முதலிடம் பெறுகின்றன. ஞானப்பல் எடுத்தவர்களிடம் ஐபுபுரூஃபனையும் பாராசிட்டமாலையும் ஒப்பிட்டு 2013-இல் வெளிவந்த காக்ரேன் மீளாய்வு (பல ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் அறிக்கை), ஐபுபுரூஃபனே மேலானது என்றும், இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது நம்பிக்கை தருகிறது என்றும் கூறியது. உங்களுக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. ஆனால் பாராசிட்டமால் வலுவற்றது என்று எண்ணிவிட வேண்டாம். நான் பார்த்தவரை, அது பயன்படவில்லை என்று சொல்பவர்களில் பலர் அதை வலி தாங்க முடியாமல் போன பிறகே எடுத்துக்கொண்டிருப்பார்கள். கல்லீரல் நோயோ, மதுப் பழக்கமோ, மிகக் குறைந்த உடல் எடையோ இல்லாத பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 1000 மில்லிகிராம் வரை, ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒரு நாளுக்கு 4000 மில்லிகிராமைத் தாண்டாமல் கொடுப்பது வழக்கம். ஊசியின் மரமரப்பு விலகும் முன்னரே முதல் வேளையை எடுத்துக்கொண்டு, முதல் இரண்டு நாள் கடிகாரத்தைப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு உரிய அளவை உங்கள் மருத்துவரிடம் உறுதி செய்த பிறகே தொடங்குங்கள்.

லேசரைப் பற்றிப் பேசும் முன் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் உங்களுக்கு லேசரைவிட இது பெரிதாக உதவக்கூடும். வழக்கமாகப் போடும் லிக்னோகெயின் ஊசியைத் தவிர, நெடுநேரம் நீடிக்கும் புபிவகெயின் என்ற மரப்பு மருந்தும் இருக்கிறது. கீழ்த்தாடை நரம்பில் அதைச் செலுத்தினால் ஆறு முதல் எட்டு மணி நேரம், சிலருக்கு அதற்கும் மேலாக, வலி தெரியாது. முதல் நாளின் மிக மோசமான நேரத்தை அதுவே விழுங்கிவிடும். உங்களுக்கு அது பொருந்துமா என்று கேட்டுப் பாருங்கள். வீக்கத்துக்காக டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. வயிற்றுப்புண்ணில் இரத்தம் கசிந்த வரலாறு இருப்பதால், அதைக் குடல் மருத்துவரிடம் கேட்காமல் ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

இனி லேசர். இது ஈறு வெட்டும் லேசர் அன்று. சிவப்பு நிறத்திலோ, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பிலோ உள்ள ஒளியைச் சில பத்து அல்லது சில நூறு மில்லிவாட் ஆற்றலில் திசுவின் மேல் விழச் செய்கிறார்கள். அந்த அளவில் திசு சூடாவது உணரப்படுவதே அரிது. செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்னும் நொதி இருக்கிறது. செம்பும் இரும்பும் அடங்கிய அந்த நொதி இந்த ஒளியை உறிஞ்சுகிறது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். காயம்பட்ட செல்லில் நைட்ரிக் ஆக்சைடு அந்த நொதியில் ஒட்டிக்கொண்டு அதன் வேலையைத் தடுக்கும். ஒளி அதை விடுவிப்பதால் செல்லின் மூச்சு மீண்டும் சீராகி, அதன் எரிபொருளான ஏ.டி.பி. உற்பத்தி கூடுகிறது என்கிறார்கள். ஆய்வகச் சோதனைகளில் புரோஸ்டாகிளாண்டின் குறைந்ததும், சற்று மிகுந்த அளவில் ஒளி பட்டபோது வலி நரம்புகளின் செய்திக் கடத்தல் மந்தமானதும் காணப்பட்டுள்ளன. எனவே உங்கள் கேள்விக்கு விடை: ஒளி வெட்டாமலும் சுடாமலும் செல்லின் வேதிவினையைத் தொட முடியும். சோதனைக் குழாயில் நடப்பது உங்கள் தாடைக்குள்ளும் போதிய அளவில் நடக்கிறதா என்பது வேறு கேள்வி. அதற்கு என்னைவிட நன்கு விடை சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

என் பட்டறிவில், லேசர் கூடுதல் துணை. மாத்திரையின் இடத்தையும், மெனக்கெட்டுச் செய்யப்படும் அறுவையின் இடத்தையும் அது பிடிப்பதில்லை. ஆனால் உங்களைப் போல மருந்து வாய்ப்புகள் சுருங்கிப்போனவர்களுக்கு, தீங்கு அரிதான ஒரு துணையை வேண்டாம் என்று ஒதுக்க எனக்கு மனம் வராது.

மறுமொழி 2 (மருத்துவ இயற்பியல் துறையில் பணிபுரிபவர்)

மருத்துவர் ஐயா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். இந்தச் சிகிச்சையின் கதை தற்செயலாகத் தொடங்கியது. முதல் லேசர் 1960-இல் உருவானது. புடாபெஸ்ட்டில் பணியாற்றிய எந்த்ரே மெஸ்தர் என்ற அறுவை மருத்துவர், மாணிக்கக்கல் லேசரின் ஒளி எலிகளுக்குப் புற்றுநோயை உண்டாக்குமா என்று அறிய, அவற்றின் முதுகு மயிரை மழித்து ஒளியைச் செலுத்தினார். புற்றுநோய் வரவில்லை. மாறாக, ஒளி பட்ட எலிகளுக்கு மயிர் விரைவாக வளர்ந்ததை அவர் 1967-இல் கண்டார். அதன் பின் ஆறாத புண்களுக்கு அதைப் பயன்படுத்திப் பார்த்தார். அன்று முதல் மென் லேசர், குளிர் லேசர் என்று பல பெயர்களில் வழங்கி, இப்போது ஆய்வுக் கட்டுரைகளில் ஃபோட்டோபயோமாடுலேஷன் என்ற பெயரே மிகுதியாகக் காணப்படுகிறது. தேடிப் படிக்க விரும்பினால் இந்தப் பெயரிலும் தேடுங்கள்.

ஞானப்பல் எடுத்த பின் வரும் வலியைப் பொறுத்தவரை ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. 1993-இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், ஒளி உண்மையில் காட்டப்பட்டதா இல்லையா என்பது நோயாளிக்கும் மதிப்பிடுபவருக்கும் தெரியாதபடி பார்த்துக்கொண்டபோது, வலியிலும் வீக்கத்திலும் வேறுபாடு தென்படவில்லை. 2012-இல் வந்த ஒரு முறையான மீளாய்வு, வலிக்கும் வீக்கத்துக்கும் பயன் இருப்பதாகக் காட்டவில்லை. வாய் திறப்பதில் மட்டும் ஓரளவு பயன் தெரிந்தது. அதற்குப் பின் வந்த மீளாய்வுகளில் சில, முதல் சில நாள்களில் வலி ஓரளவு குறைகிறது என்று கூறுகின்றன. ஆனால் அவற்றை எழுதியவர்களே, சேர்த்துப் பார்த்த ஆய்வுகள் சிறியவை, ஒன்றுக்கொன்று பொருந்தாதவை, ஆகவே முடிவின் உறுதி குறைவு என்று ஒப்புக்கொள்கிறார்கள்.

இந்த முரண்பாட்டின் பெரும்பகுதிக்குக் காரணம் ஒளியின் அளவுதான் என்பது என் துணிபு. ஒரு மருந்தை ஆய்வு செய்தால் எத்தனை மில்லிகிராம் என்று எல்லோரும் எழுதுவார்கள். லேசர் ஆய்வுகளில் அலைநீளம், ஆற்றல், ஒளிப்புள்ளியின் பரப்பு, நேரம், எத்தனை இடங்களில், எத்தனை நாள் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே மருந்தளவு. இதில் ஒன்று விடுபட்டாலும் மற்றவற்றால் பொருளில்லை. ஒரு கணக்கைப் பாருங்கள். 100 மில்லிவாட் ஒளியை 40 நொடி காட்டினால் கிடைப்பது 4 ஜூல். அந்த ஒளி அரைச் சதுர சென்டிமீட்டர் பரப்பில் விழுந்தால் சதுர சென்டிமீட்டருக்கு 8 ஜூல் ஆகும். அதே 4 ஜூல், 0.04 சதுர சென்டிமீட்டர் அளவுள்ள நுண்புள்ளியில் விழுந்தால் சதுர சென்டிமீட்டருக்கு 100 ஜூல் ஆகிவிடும். கட்டுரையின் சுருக்கத்தில் இரண்டும் "4 ஜூல்" என்றே இருக்கும். திசுவுக்கு இரண்டும் ஒன்றா?

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த ஒளி கூடக் கூடப் பயன் கூடுவதில்லை. மிகக் குறைவாக இருந்தால் ஒன்றும் நடக்காது. ஓர் எல்லைக்குள் செல்லின் வேலை தூண்டப்படும். எல்லையைக் கடந்தால் அதே வேலை மட்டுப்படும். வலி நரம்பை மந்தப்படுத்த விரும்பினால் மிகுந்த அளவும், புண் ஆற விரும்பினால் குறைந்த அளவும் தேவைப்படலாம். ஒரே சிகிச்சையில் இரண்டையும் எதிர்பார்ப்பவர்கள் இதைக் கருதுவதில்லை.

ஆழமும் முக்கியம். இரத்தமும் நிறமியும் ஒளியை விழுங்குகின்றன. 630 முதல் 660 நானோமீட்டர் வரையிலான சிவப்பு ஒளி மேற்பரப்புக்கு ஏற்றது. 800 முதல் 830 வரையிலான அகச்சிவப்பு ஒளி அதைவிட ஆழமாகச் செல்லும். ஞானப்பல்லின் பற்குழியும் மெல்லும் தசையும் ஆழத்தில் இருப்பதால், கன்னத்துக்கு வெளியிலிருந்து சிவப்பு ஒளியை மட்டும் காட்டி என்ன பயன் கிட்டும் என்ற ஐயம் எனக்கு உண்டு. வாய்க்குள் பற்குழியைச் சுற்றியும், வெளியே தசையின் மேலும் காட்டுவதே அறிவுக்குப் பொருந்துகிறது.

அளவு திட்டமாக வகுக்கப்பட்டால் இதே ஒளி மதிப்புப் பெறுகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டும் சொல்ல வேண்டும். புற்றுநோய்ச் சிகிச்சையின்போது வாயில் உண்டாகும் கொடிய புண்களைத் தடுக்க இந்த ஒளியைப் பயன்படுத்தலாம் என்று சிகிச்சைகளை மதிப்பிட்டு வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018-இல் ஏற்றுக்கொண்டது. பன்னாட்டு வழிகாட்டுதல்களும் அலைநீளத்தையும் அளவையும் குறிப்பிட்டே அதைப் பரிந்துரைக்கின்றன. பல் எடுத்த பின் வரும் வலிக்கு அப்படி ஒப்புக்கொள்ளப்பட்ட ஒரு திட்டம் இன்னும் உருவாகவில்லை. ஆகவே உங்கள் மருத்துவரிடம் கருவியின் பெயரைக் கேட்பதைவிட, எத்தனை நானோமீட்டர், எத்தனை மில்லிவாட், புள்ளியின் பரப்பு எவ்வளவு, ஓர் இடத்தில் எத்தனை நொடி, எத்தனை இடம் என்று கேளுங்கள். விடை தெரிந்தவர் தயங்காமல் சொல்வார்.

தீங்கைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். திசுவுக்கு இந்த அளவில் தீங்கு அரிது. கண்ணைப் பற்றி மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. இத்தகைய கருவிகளில் பெரும்பாலானவை 3பி வகுப்பைச் சேர்ந்தவை, அதாவது 500 மில்லிவாட் வரையிலானவை. அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது என்பதால் இமை தானாக மூடிக்கொள்ளாது. விழித்திரை காயப்பட்ட பிறகே தெரியவரும். அந்த அலைநீளத்துக்கென்று செய்யப்பட்ட கண்ணாடியை நோயாளி, மருத்துவர், உதவியாளர் மூவரும் அணிய வேண்டும். சாதாரணக் கறுப்புக் கண்ணாடி இதற்கு உதவாது. ஒளி படும் இடத்தில் புற்றுக்கட்டி இருந்தாலோ, ஒளிக்கூச்சத்தை உண்டாக்கும் மருந்து எடுத்துக்கொண்டிருந்தாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மறுமொழி 3

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவள் அல்லேன். இரண்டு கீழ் ஞானப்பற்களையும் மூன்று மாத இடைவெளியில் எடுத்துக்கொண்டவள் என்ற முறையில் எழுதுகிறேன். முதல் பல்லுக்கு லேசர் இல்லை, இரண்டாவதற்கு இருந்தது. இரண்டாவது முறை வலி குறைவாகவே இருந்தது. ஆனால் அதை லேசரின் கணக்கில் எழுத எனக்கு நேர்மை இடம் தரவில்லை. முதல் பல் சாய்ந்திருந்ததால் எலும்பை நீக்கி, பல்லை இரண்டாக வெட்டி எடுத்தார்கள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. இரண்டாவது நிமிர்ந்து நின்ற பல், பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. அதோடு, என்ன நடக்கப்போகிறது என்பது தெரிந்திருந்ததால் அச்சமும் இல்லை.

நான் செய்த ஒரு தவறை மட்டும் நீங்கள் செய்துவிட வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். லேசர் காட்டியாயிற்று, இனி மாத்திரை எதற்கு என்று எண்ணி, இரண்டாவது முறை முதல் நாள் இரவு பாராசிட்டமால் எடுக்காமல் படுத்துவிட்டேன். பின்னிரவு இரண்டு மணிக்குத் தாடை முழுவதும் விண்ணென்று தெறித்து எழுந்தேன். அதன் பின் எடுத்த மாத்திரை வேலை செய்யத் தொடங்கும்வரை ஒரு மணி நேரம் உட்கார்ந்தே கழித்தேன். மேலே மருத்துவர் ஐயா கடிகாரத்தைப் பற்றிச் சொன்னதை நான் அன்று அறிந்திருக்கவில்லை.

இன்னொன்று. எனக்கு ஒளி காட்டிய உதவியாளர், கருவியின் முனையைக் கன்னத்தின் மேல் அங்குமிங்கும் தேய்த்து, அரை நிமிடத்தில் முடித்துவிட்டார். கண்ணாடியும் தரவில்லை. நேற்று இந்தத் திரியைப் படித்த பிறகே அது எவ்வளவு பெரிய குறை என்று புரிந்தது. வெட்கப்படாமல் கேளுங்கள், ஐயா.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று என் பல் மருத்துவரைப் பார்த்து, இங்கே சொல்லப்பட்டபடி ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் சற்றும் முகம் சுளிக்காமல் கருவியையே எடுத்துக் காட்டினார். அகச்சிவப்பு, 810 நானோமீட்டர், 100 மில்லிவாட், புள்ளியின் பரப்பு ஏறக்குறைய அரைச் சதுர சென்டிமீட்டர். பற்குழியின் கன்னப்பக்கம், நாக்குப்பக்கம், மேற்புறம் என வாய்க்குள் மூன்று இடம், வெளியே மெல்லும் தசையின் மேல் இரண்டு இடம், ஒவ்வொன்றிலும் 40 நொடி. எடுத்த அன்றும், இரண்டாம் நாளும், நான்காம் நாளும் காட்டுவாராம். கண்ணாடி உண்டு. துண்டறிக்கையைப் பற்றிச் சொன்னபோது, அது கருவியை விற்றவர்கள் அச்சிட்டது, எடுத்துவிடுகிறேன் என்றார். புபிவகெயின் ஊசிக்கும் ஒப்புக்கொண்டார்.

இன்னும் இரண்டு ஐயங்கள். பற்குழியில் இரத்தம் உறைந்துகொண்டிருக்கும்போது அதன் மேல் ஒளியைக் காட்டினால் உறைவு கலைந்துவிடாதா? மூன்றாம் நாள் தாங்க முடியாத வலி வரும் உலர் பற்குழி என்ற ஒன்றைப் பற்றிப் படித்தேன். லேசர் அதைத் தடுக்குமா?

மறுமொழி 2-ஐ எழுதியவர்

ஓர் இடத்துக்கு 4 ஜூல், ஐந்து இடத்துக்கு 20 ஜூல், சதுர சென்டிமீட்டருக்கு 8 ஜூல். மேலே நான் போட்ட கணக்கின் முதல் பாதியோடு இது அப்படியே பொருந்துகிறது. ஆய்வுகளில் பயன்படுத்தப்படும் அளவுகளின் வட்டத்துக்குள்தான் இருக்கிறது. கருவியின் முனையை அசைக்காமல், திசுவை மென்மையாகத் தொட்டோ மிக அருகிலோ வைத்திருக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவூட்டுங்கள். விலகினால் ஒளி விரிந்து அளவு குறைந்துவிடும்.

மறுமொழி 1-ஐ எழுதிய மருத்துவர்

உங்கள் மருத்துவர் பதில் சொன்ன விதமே எனக்கு நிறைவளிக்கிறது.

உறைவைப் பற்றிய ஐயத்துக்கு: இந்த ஆற்றலில் ஒளி உறைவைக் கலைக்காது. கலைப்பவை வேறு. பற்குழியைத் தொடும்படி முனையை அழுத்துவது, முதல் நாளிலேயே வாயைப் பலமாகக் கொப்பளிப்பது, உறிஞ்சு குழலால் குடிப்பது, நாக்கால் துழாவுவது, எல்லாவற்றுக்கும் மேலாகப் புகைப்பது. ஆகவே பற்குழியின் மேற்புறத்தில் காட்டும்போது மட்டும் முனை தொடாமல் இருக்கட்டும். ஈறு வெட்டவும் பயன்படும் டயோடு லேசர்கள் சில, இதே அலைநீளங்களில், பன்மடங்கு ஆற்றலில் இயங்குகின்றன. ஒரே கருவி இரண்டு வேலையும் செய்யுமானால், சிகிச்சைக்கான அகன்ற முனையும் குறைந்த ஆற்றலும் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பதை உறுதி செய்துகொள்வது மருத்துவரின் கடமை. உங்கள் மருத்துவரின் கருவி 100 மில்லிவாட் என்பதால் அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்.

உலர் பற்குழியைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் இதில் தாமதித்துத் துன்பப்படுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பற்குழியில் உறைந்த இரத்தம் முன்கூட்டியே கரைந்தோ பெயர்ந்தோ போனால், அடியில் உள்ள எலும்பு திறந்து நின்று வலிக்கிறது. சாதாரணப் பற்களை எடுத்தால் நூற்றில் ஒருவர் முதல் ஐவர் வரை இதற்கு ஆளாகலாம். கீழ் ஞானப்பல்லில் இது அதைவிடப் பன்மடங்கு மிகுதி. வழக்கமான வலி நாளுக்கு நாள் தணிந்துகொண்டே வரும். உலர் பற்குழியின் வலியோ, தணிந்துவந்த பிறகு இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் மீண்டும் எழும்பி, காது, நெற்றிப்பொட்டு வரை பாய்ந்து, வாயில் கெட்ட நாற்றத்தையும் கொண்டுவரும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்திருங்கள். அது வந்தால் மாத்திரையைக் கூட்டிக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம். மருத்துவர் பற்குழியைக் கழுவி, வலி தணிக்கும் மருந்திட்ட திரியை வைத்தால், பெரும்பாலோருக்குச் சிறிது நேரத்திலேயே ஆறுதல் கிடைக்கும்.

லேசர் அதைத் தடுக்கும் என்று உறுதியாகச் சொல்ல என்னிடம் போதிய சான்று இல்லை. தடுப்பதில் சற்று நல்ல சான்று உள்ளது குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மருந்துக்கு. அறுவைக்கு முன்னும் பின்னும் அந்த நீரால் கொப்பளிப்பதும், பல்லை எடுத்தவுடன் அதன் களிம்பைப் பற்குழியில் வைப்பதும் உலர் பற்குழியைக் குறைக்கக்கூடும் என்று காக்ரேன் மீளாய்வு கூறுகிறது. அந்த மருந்து உங்களுக்கு முன்பு ஒவ்வாமல் போயிருந்தால் மட்டும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

இன்று ஆறாம் நாள். நடந்ததை எழுதுவது பின்னால் வருபவர்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன். நாற்பது நிமிட அறுவை. எலும்பைச் சிறிது நீக்கிப் பல்லைப் பிளந்து எடுத்தார். தையலிட்ட பிறகு ஐந்து இடங்களில் ஒளி காட்டினார். ஒளி பட்டபோது எதையுமே நான் உணரவில்லை. ஊசியின் மரமரப்பு ஏழரை மணி நேரம் இருந்தது. அதற்குள் பாராசிட்டமாலை இரண்டு வேளை எடுத்துவிட்டேன்.

பூச்சியம் முதல் பத்து வரை வலியைக் குறித்துவந்தேன். முதல் நாள் இரவு 5, மறுநாள் காலை 4, இரண்டாம் நாள் ஒளி காட்டிய மாலை 3, மூன்றாம் நாள் 3, அதன் பின் 2. ஒரு முறைகூட 6-ஐத் தொடவில்லை. ஒளி காட்டிய உடனே வலி குறைந்தது என்று சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. அது இல்லாதிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதை நான் அறிய வழியும் இல்லை. இந்த ஏற்பாடுகளில் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாவிட்டாலும், நான் அஞ்சிய வலி வரவில்லை. வயிறும் அமைதியாக இருக்கிறது. உலர் பற்குழியின் அறிகுறி ஏதும் தெரியவில்லை.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. வாயை இரண்டு விரல் அளவுக்குத்தான் திறக்க முடிகிறது. இது இயல்பா?

மறுமொழி 1-ஐ எழுதிய மருத்துவர்

இயல்புதான், அஞ்ச வேண்டாம். உங்கள் விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, மூன்று விரல் நுழைந்தால் அது ஏறத்தாழ உங்கள் முழுத் திறப்பு. எலும்பு நீக்கிய அறுவைக்குப் பின் ஆறாம் நாளில் இரண்டு விரல் என்பது எதிர்பார்க்கத்தக்கதே. இன்று முதல் கன்னத்தில் இளஞ்சூட்டு ஒத்தடம் கொடுத்து, பிறகு வலி தொடங்கும் எல்லை வரை வாயை மெதுவாகத் திறந்து, ஐந்து நொடி நிறுத்தி மூடுங்கள். ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளுக்கு நான்கு வேளை. பலவந்தமாகத் திறக்க வேண்டாம்.

திறப்பு நாளுக்கு நாள் கூடாமல் குறைந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, விழுங்கும்போது வலித்தாலோ அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். அவை தொற்றின் அறிகுறிகள், அங்கே ஒளிக்கும் ஒத்தடத்துக்கும் வேலை இல்லை. தையல் பிரிக்கப் போகும் நாளில், மேல் கீழ் முன்பற்களுக்கு இடையிலான திறப்பை அளவுகோலால் அளந்து குறித்துவைக்கச் சொல்லுங்கள். அடுத்த வாரம் அதே அளவை மறுபடி எடுத்து இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.